வெட்டு ஒன்று, வேர் வேறு

'கழிச்சு விட்டாத்தான் தழைக்கும்' என்கிற பேச்சைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். மரத்தைப் பற்றி மட்டும் சொல்லப்பட்ட பேச்சல்ல இது. பிள்ளையைப் பிரம்பால் அடித்த வாத்தியார் இதைச் சொன்னார். நெல்லளவைக் குறைத்த பண்ணைக்காரர் இதைச் சொன்னார். ஆட்குறைப்புச் செய்கிற கம்பெனிக்காரனும் வேறு வார்த்தைகளில் இதையேதான் சொல்கிறான். வெட்டுவது உன் நன்மைக்குத்தான், வெட்டுப்பட்டால்தான் நீ உறுதிப்படுவாய் என்பது இதன் சாரம். கேட்பதற்கு அறம் மாதிரி இருக்கிறது. ஆனால் இந்த அறத்தைச் சொன்னவர்களில் ஒருவரும் வெட்டின பிறகு மண்ணுக்குக் கீழே என்ன நடந்தது என்று தோண்டிப் பார்த்ததில்லை.

தோட்டக்கலைக்காரர்கள் கிளை கழிப்பதைக் 'கவாத்து' என்கிறார்கள். போலீஸ்காரனையும் பட்டாளத்துக்காரனையும் வரிசையாக நிறுத்திக் கைகால் வீசப் பழக்குவதற்கும் கவாத்து என்றுதான் பெயர். உடம்பை அடக்கிப் பழக்குவதற்கும் மரத்தை வெட்டி ஒழுங்குபடுத்துவதற்கும் நம் மொழியில் ஒரே சொல் புழங்குவது கவனிக்கத் தக்கது. இரண்டிலும் உத்தரவு கொடுப்பவன் ஒருவன், வளைந்து கொடுப்பது இன்னொன்று. எப்படி வளர வேண்டும் என்பதை வளர்கிற உயிர் முடிவு செய்வதில்லை.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாக சிங்கப்பெருமாள்கோயில் வரைக்கும், அந்தப் பக்கம் வண்டலூர் – வாலாஜாபாத் சாலையிலும் போய்ப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் என்று சிப்காட் பேட்டைகள். ஒவ்வொரு கம்பெனிக்கும் முன்னால் ஒரு தோட்டம். புல்தரை, அதன்மேல் உருண்டையாகவும் பெட்டி மாதிரியும் வெட்டி நிறுத்தப்பட்ட செடிகள், ஓரத்தில் தலை கழிக்கப்பட்ட புங்கனும் வேம்பும் தூங்குமூஞ்சியும். அந்தத் தோட்டத்தில் கத்தரிக்கோலும் தொரட்டியும் பிடித்து நிற்பவர்கள் யார் என்று விசாரியுங்கள். பெரும்பாலும் பக்கத்துக் காலனி ஆட்கள். காண்ட்ராக்டில் வேலை செய்கிற ஆண்கள், புல் பிடுங்குகிற பெண்கள். தொழிற்சாலை வருவதற்கு முன்னால் அதே மண்ணில் நாற்று நட்டவர்கள், அண்டை கழித்தவர்கள்.

எனக்குச் சித்தப்பா முறையாகும் ஒருவர் அப்படி ஒரு கம்பெனித் தோட்டத்தில் பல வருஷமாக வேலை செய்கிறார். மரம் கழிப்பதைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"தலைய மொட்டையடிச்சுட்டுப் போ, ஆறு மாசத்துக்கு இந்தப் பக்கம் வேலையே இருக்கக் கூடாதுன்றாரு சூப்பர்வைசரு. மரம் இன்னா மயிரா, வழிச்சுட்டா மறுபடியும் அப்பிடியே மொளைக்கிறதுக்கு? மேல எவ்ளோ எலை கீதோ அவ்ளோதான் கீழ சோறு. மேல பூரா வழிச்சுட்டா கீழ பட்டினிதான். பட்டினி கெடக்கிற வேரு இன்னா பண்ணும்? கையக் கால சுருக்கிக்கும். அப்புறம் ஒரு காத்தடிச்சா படுத்துக்கும்."

"இத அவங்ககிட்ட சொல்லலியா சித்தப்பா?"

"சொன்னா கேக்கறதுக்கா கூட்டிக்கினு வந்தாங்க? வெட்டறதுக்குத்தாம்பா கூட்டிக்கினு வந்தாங்க."

அறிவு ஒரு பக்கம், உத்தரவு ஒரு பக்கம் என்று பிரித்து வைத்திருக்கிற ஏற்பாட்டுக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. சித்தப்பா சொன்னதும் விஞ்ஞானம் சொல்வதும் ஒன்றுதான். இலை வெயிலில் சர்க்கரை சமைக்கிறது. அது பட்டைக்கு உட்புறமாகக் கீழே இறங்கி வேருக்குப் போகிறது. வேர் மண்ணிலிருந்து எடுத்த நீரும் உப்பும் மேலே ஏறுகிறது. வேர் தானாகச் சமைத்துக்கொள்வதில்லை. இலை போட்டால்தான் அதற்குச் சோறு. இலைப் பரப்பைப் பெரிய அளவில் ஒரே நாளில் எடுத்துவிட்டால் முதலில் மடிவது மயிரிழை மாதிரி இருக்கிற நுனிவேர்கள். தண்ணீரை உறிஞ்சுகிற வேர்கள் அவைதான். மீதி வேரும் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். மரத்தைப் பார்க்கத் தெரிந்தவர்கள் ஒரு பருவத்தில் இலைப்பரப்பில் கால்பங்குக்கு மேல் கை வைக்கக்கூடாது என்பது இதனால்தான்.

வெட்டுப்பட்ட மரம் சில வாரத்தில் குபுகுபு என்று துளிர்க்கிறதே, அது செழிப்பு இல்லையா? இல்லை. பட்டைக்கு அடியில் தூங்கிக் கொண்டிருந்த மொட்டுகள் உயிர் பயத்தில் விழித்துக்கொள்வது அது. அந்தத் துளிருக்கான சத்து தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்திருந்த மாவுச்சத்திலிருந்து போகிறது. சேமிப்பை எடுத்துச் செலவு செய்து பச்சை காட்டுகிறது மரம். அப்படி வந்த கிளைகள் மேலாக ஒட்டிக்கொண்டிருக்குமே தவிர உள்மரத்தில் பிடிப்பு இருக்காது. பார்ப்பவன் கண்ணுக்குத் தழைப்பு, வேரின் கணக்கில் கடன்.

அலெக்ஸ் ஷைகோ என்று ஒரு அமெரிக்கர், 2006இல் இறந்துபோனார். அந்நாட்டு வனத்துறையில் இருந்துகொண்டு ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்தவர். அவர் கண்டு சொன்ன முக்கியமான விஷயம், மரத்தின் காயம் ஆறுவதில்லை என்பது. நம் தோலில் பட்ட காயம் புதுச் சதை வைத்து ஆறுகிற மாதிரி மரத்தில் நடப்பதில்லை. வெட்டுப்பட்ட இடத்தைச் சுற்றி மரம் ஒரு சுவர் எழுப்பிக்கொள்கிறது. அந்தச் சுவருக்கு வெளியே புது மரம் வளர்கிறது. காயம் உள்ளேயே இருக்கிறது, மரம் சாகிற வரைக்கும். 'பழசையெல்லாம் மறந்துட்டுப் போங்கப்பா, இப்ப யாரு சாதி பாக்கறா' என்று நமக்குப் புத்தி சொல்கிறவர்கள் ஒரு மரத்தை அறுத்துப் பார்க்கலாம்.

2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னைப் பக்கம் கரையேறியபோது நகரத்திலும் சுற்று வட்டாரத்திலும் ஆயிரக்கணக்கில் மரங்கள் விழுந்தன. காற்றின் வேகம் ஒரு காரணம். ஆனால் விழுந்த மரங்களின் அடியைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்தது. அடிமரத்தைச் சுற்றி சிமெண்ட் பூசியிருந்தார்கள். கேபிளுக்கும் கால்வாய்க்கும் பள்ளம் எடுத்தபோது ஒரு பக்கத்து வேரை அறுத்திருந்தார்கள். அகலமாய்ப் படர்ந்திருக்க வேண்டிய வேர் ஒரு பந்தாகச் சுருண்டு கிடந்தது. செய்தித்தாளில் 'புயலில் விழுந்த மரங்கள்' என்றுதான் எழுதினார்கள். புயலுக்கு முன்னாலேயே வேரில் கைவைத்தவர்கள் பெயர் எந்தச் செய்தியிலும் வரவில்லை.

இதுவரைக்கும் ஒரு பக்கம். இதோடு நிறுத்தினால் 'மரத்தை வெட்டாதீர்கள்' என்கிற பள்ளிக்கூடக் கட்டுரையாகப் போய்விடும். இனிதான் நமக்கு வேண்டிய விஷயம்.

அதே கம்பெனி மதில் சுவருக்கு வெளியே ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் நிற்கிறது சீமைக்கருவேலம். எங்கள் பக்கத்தில் வேலிகாத்தான் என்போம். 1870களில் வெள்ளைக்காரன் கொண்டுவந்து போட்ட மரம். அதை அடியோடு தரைமட்டத்துக்கு வெட்டுங்கள். ஒற்றைத் தண்டாக நின்றது அடுத்த மழைக்குப் பத்துத் தண்டாக எழும்பும். தரைக்குச் சற்றுக் கீழே அதன் கழுத்தில் மொட்டுகள் இருக்கின்றன. வேரில் சேமிப்பு இருக்கிறது. ஆணிவேர் ஆழத்தில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு சுரங்கத்தில் இதே இனத்து மரமொன்றின் வேரை ஐம்பது மீட்டருக்கும் கீழே கண்டிருக்கிறார்கள். 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை அகற்றச் சொல்லி உத்தரவிட்டபோது மாவட்டம் மாவட்டமாக வெட்டினார்கள். மேலே மட்டும் வெட்டின இடத்தில் மறுபடியும் முளைத்தது. கடப்பாறையால் கழுத்துக்குக் கீழே தோண்டி எடுத்த இடத்தில்தான் அது போனது.

வேலிகாத்தான் மேல் எனக்குக் கோபம் இல்லை. சேரி அடுப்பு எரிந்தது அதனால்தான். கரிமூட்டம் போட்டுக் கஞ்சி குடித்த குடும்பங்கள் உண்டு. நான் சொல்ல வருவது வேறு. ஒரே கத்தி, ஒரே ஆள், ஒரே அளவு வெட்டு. உள்ளே நிற்கிற புங்கன் அதில் பட்டினி கிடந்து மெலிகிறது. வெளியே நிற்கிற வேலிகாத்தான் அதில் பத்தாகப் பெருகுகிறது. வித்தியாசம் வெட்டில் இல்லை. கீழே சேமிப்பு எவ்வளவு, அதை யாரும் சிமெண்ட் பூசி அடைக்காமல் விட்டார்களா என்பதில் இருக்கிறது.

அப்படியானால் அறம் பற்றிய நம் கேள்வியையும் மாற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. 'எல்லாருக்கும் ஒரே மாதிரி வெட்டினோம், பாரபட்சம் இல்லை' என்பது நியாயம் ஆகுமா? சட்டமும் நிர்வாகமும் தரும் சமாதானம் இதுதான். எல்லாரிடமும்தான் நிலம் எடுத்தோம். எல்லாருக்கும்தான் வேலை போனது. எல்லாருக்கும் ஒரே கட்-ஆஃப்தான். கட்-ஆஃப் என்பதும் வெட்டுதான். வெட்டு ஒன்றாக இருப்பதை மட்டும் காட்டிவிட்டு வேர் ஒன்றாக இல்லை என்பதை மறைப்பதுதான் இந்த நாட்டில் சமத்துவம் என்ற பெயரில் நடக்கிறது.

ஆதிக்க சாதிகளின் மரத்திலும் வெட்டு விழாமல் இல்லை. 1948இல் ஜமீன்களை ஒழிக்கச் சட்டம் வந்தது. 1961இல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது, குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர். 1970இல் அதை 15 ஆக்கினார்கள். பெயரளவில் பெரிய கவாத்து. என்ன ஆயிற்று? பினாமி பெயரில் ஒரு கிளை, கோயில் டிரஸ்டு பெயரில் ஒரு கிளை, பட்டணத்தில் படிக்கப்போன பிள்ளையின் உத்தியோகத்தில் ஒரு கிளை என்று பத்தாகத் துளிர்த்தது. பிறகு இந்தத் தொழிற்சாலைகள் வந்தன. நிலத்தை விற்ற காசில் தண்ணீர் லாரி, கம்பெனிக்கு ஓடும் பஸ், ஸ்கிராப் எடுக்கும் காண்ட்ராக்ட், ஆள் சப்ளை, வடக்கிலிருந்து வரும் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விடும் வரிசை வீடுகள். மண்ணிலிருந்த ஆதிக்கம் மதிலோரத்துக்கு இடம் மாறியது. வேரில் சேமிப்பு இருந்தது, துளிர்த்தது. இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

நம் வேர் எங்கே இருந்தது? இந்தச் செங்கல்பட்டுச் சீமையில் அதற்கு எழுத்து மூலமான சாட்சி இருக்கிறது. 1891இல் இங்கே கலெக்டராக இருந்த திரமென்ஹீர், பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஒரு அறிக்கை அனுப்பினார். உழுகிற நிலம் மிராசுதாரன் கையில். அது தெரிந்த விஷயம். குடிசை போட்டிருக்கிற மனைகூட மிராசுதாரன் கையில் என்பதை அந்த அறிக்கை எடுத்துக் காட்டியது. எதிர்த்துப் பேசினால் வேலை மட்டும் போகாது, வீடும் போகும். தரிசு நிலத்துக்கு மனுப்போட்டாலும் மிராசுப் பாத்தியம் என்று குறுக்கே விழுவார்கள். மரத்தை நட்டு வைத்து வேர் விடாதே என்று அடியில் பலகை போட்டு மறித்த மாதிரி. தொட்டியில் வளர்க்கும் போன்சாய் மரம் அப்படித்தான் வளர்க்கப்படுகிறது. கிளையையும் வெட்டுவார்கள், வேரையும் வெட்டுவார்கள், தொட்டியையும் பெரிதாக்க மாட்டார்கள். பிறகு 'இந்த ஜாதியே குட்டைதான்' என்று சொல்வார்கள்.

அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வந்த ஆணைப்படி கொடுக்கப்பட்டவைதான் நாம் பஞ்சமி நிலம் என்று சொல்லும் நிலங்கள். மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் பேசிவரும் கணக்கு. அந்த ஒப்படையில் ஒரு நிபந்தனை இருந்தது. பத்து வருஷத்துக்கு விற்கக்கூடாது. அதன் பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குள்ளேயே விற்க வேண்டும். மீறினால் செல்லாது. இதைச் சலுகை என்று சொல்கிறவர்கள் மரம் நட்டுப் பார்க்காதவர்கள். கன்றைச் சுற்றி முள் கட்டுகிறோமே, அது கன்றுக்குச் சலுகையா? வேர் பிடிக்கிற வரைக்கும் ஆடு மாடு வாய் வைக்கக்கூடாது என்பதற்காகக் கட்டுவது. முள்ளைக் கட்டியவர்கள் காவல் நிற்கவில்லை. அவசரக் கடனுக்கும், கல்யாணத்துக்கும், சாராயத்துக்கும், மிரட்டலுக்கும், வெறும் கைநாட்டுக்கும் அந்த நிலங்கள் கை மாறின. பட்டாவில் பெயர் மாறியபோது தாலுகா ஆபீசில் ஒருவரும் நிபந்தனையைப் படித்துப் பார்க்கவில்லை.

மாமல்லபுரம் பக்கத்தில் காரணை கிராமத்தில் அந்த நிலத்தைக் கேட்டு அம்பேத்கர் சிலையை நட்டார்கள் நம் மக்கள். சிலையைப் பிடுங்கினார்கள். 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் நியாயம் கேட்டுத் திரண்டபோது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் அரசாங்கமே எழுதிக் கொடுத்த வேரைத் திரும்பக் கேட்டதற்குக் கிடைத்த பதில் அது. அந்த இரண்டு பேரும் இரக்கம் கேட்கவில்லை, நன்கொடை கேட்கவில்லை. சேமிப்பைக் கேட்டார்கள். அதனால்தான் அது அவ்வளவு ஆபத்தாகப் பட்டது.

பிறகு வந்தது தொழில் வளர்ச்சி. சிப்காட்டுக்கு நிலம் எடுக்கும்போது பட்டா வைத்திருந்தவருக்கு இழப்பீடு. குறைவாகவோ கூடவோ ஏதோ ஒன்று. பட்டா இல்லாமல் அந்த நிலத்தில் நாற்று நட்டவளுக்கு, களை பறித்தவளுக்கு, ஏரிப் புறம்போக்கில் ஆடு மேய்த்தவருக்கு, கோரை அறுத்தவருக்கு, நண்டும் நத்தையும் கீரையும் பொறுக்கிப் பசியாறியவர்களுக்கு எந்தக் காகிதத்தில் பெயர் இருந்தது? 2013இல் மத்திய அரசு கொண்டுவந்த நிலம் கையகப்படுத்தும் சட்டம், நிலமில்லாத விவசாயக் கூலிகளையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று எழுதியது. நிலம் எடுப்பதற்கு முன்னால் அங்கே யார் யார் எதை நம்பிப் பிழைக்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் சமூகத் தாக்க மதிப்பீட்டையும் கட்டாயமாக்கியது. அதாவது வெட்டுவதற்கு முன் வேரைப் பார் என்று முதல் தடவையாக ஒரு சட்டம் சொன்னது. அடுத்த வருஷமே தமிழ்நாடு அரசு, தொழில் தேவைக்கு நிலம் எடுக்கும் தன் 1997ஆம் வருஷச் சட்டத்துக்கு அதிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டது. 2019இல் உயர்நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே வருஷம் புதிதாக ஒரு சட்டம் போட்டு அதை உயிர்ப்பித்தார்கள். 2021இல் உச்சநீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. மத்தியச் சட்டம் சொன்ன அளவில் இழப்பீடு உண்டு என்கிறார்கள். ஆனால் வேரைத் தோண்டிப் பார்க்கிற அந்த மதிப்பீடு மட்டும் தேவையில்லை!

தேயிலைத் தோட்டத்தில் நடப்பதை இங்கே சொல்லியாக வேண்டும். தேயிலை செடி அல்ல, மரம். விட்டால் நெடுமரமாய் வளரும். பெண்கள் நின்ற வாக்கில் கொழுந்து கிள்ளுவதற்காகக் கவாத்துச் செய்து செய்து இடுப்பளவில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சில வருஷத்துக்கு ஒரு முறை பெரிய கவாத்து. அதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. பென்சில் பருமனில் ஒரு வேரை எடுத்துக் குறுக்காக வெட்டி அயோடின் கரைசலில் முக்குவார்கள். கருநீலமாக மாறினால் உள்ளே மாவுச்சத்து இருக்கிறது, வெட்டலாம். நிறம் மாறாவிட்டால் செடியைச் சில வாரம் கொழுந்து எடுக்காமல் விட்டுச் சேமிப்பு ஏறவிட வேண்டும். இல்லாவிட்டால் செடி செத்துப்போகும், முதலாளிக்கு நஷ்டம். இந்தத் தோட்டங்களை உண்டாக்க மலையேற்றிக் கொண்டுபோனது நம் ஜனங்களைத்தான். வால்பாறையிலும் நீலகிரியிலும் இலங்கை மலையகத்திலும் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதியார். இலங்கையில் 1948ஆம் வருஷச் சட்டத்தால் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று இரண்டு பிரதமர்கள் பேசி முடித்தார்கள். செடியின் வேருக்கு அயோடின் சோதனை இருந்தது. செடிக்குப் பக்கத்தில் நாலு தலைமுறையாக நின்றவர்களின் வேரைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2014 நவம்பர் 1ஆம் தேதி நின்றது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள், அதில் பெண்கள் நிறைய. விருப்ப ஓய்வு என்று ஒரு தொகை கொடுத்தார்கள். இருபத்திச் சொச்சம் வயசில் விருப்ப ஓய்வு! தொகை எல்லாருக்கும் ஒரே விதிப்படிதான். அப்பாவுக்கு நாலு ஏக்கர் இருந்த பிள்ளைக்கு அந்தத் தொகை ஒரு மினி லாரிக்கு முன்பணம் ஆகும். மாமன் கடை வைத்திருக்கிற பிள்ளைக்கு அது கடைக்குள் போகும் முதல். காலனி வீட்டுப் பெண்ணுக்கு? தம்பி படிப்புக்கும், அப்பா ஆஸ்பத்திரிச் செலவுக்கும், வீட்டுக் கடனுக்கும் பங்கு போட்டால் மீதி என்ன? ஒரே நாளில் ஒரே வெட்டுதான். ஒருவனுக்கு அது கவாத்து, இன்னொருத்திக்கு அது வேரறுப்பு.

இங்கே நம் வீட்டுக்குள்ளும் பார்க்க வேண்டும். கத்தி எப்போதும் ஆதிக்க சாதிக்காரன் கையில் மட்டும் இருப்பதாகப் பேசுவது நமக்குச் சுலபம். பிளஸ் டூ முடித்த பெண்ணைக் 'காலேஜுக்கு வேணாம், கம்பெனி பஸ்ஸு வாசல்லயே நிக்குது' என்று அனுப்புகிறோம். அவள் சம்பளத்தில் அண்ணன் பைக் எடுக்கிறான். அவள் பேரில் ஒரு சென்ட் மனை இருக்காது, ஒரு பாஸ்புக் அவள் கையில் இருக்காது. ஷிப்டு முடிந்து வந்து அவள்தான் சோறாக்க வேண்டும். வேற்று சாதிப் பையனோடு பேசினால் மட்டும் குடும்ப மானத்துக்காக அவள் கிளையைக் கழிக்கக் கத்தியை எடுப்போம். 'உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றோம்' என்போம். பண்ணைக்காரன் பேசிய அதே வாக்கியம்! இயக்கங்களுக்குள்ளும் இது உண்டு. கேள்வி கேட்கிற தோழனைக் கட்டுப்பாடு என்ற பெயரில் வெட்டுகிற தலைமைகள், வெட்டினால் இயக்கம் தழைக்கும் என்றுதான் நம்புகின்றன. நுனிவேர் போய்க்கொண்டிருப்பது மாநாட்டு மேடையிலிருந்து தெரியாது.

அப்படியானால் வெட்டவே கூடாதா? அப்படி நான் சொல்லவில்லை. பட்டுப்போன கிளையை எடுக்க வேண்டும். ஒன்றோடொன்று உரசிப் புண்ணாகிற கிளையில் ஒன்றை எடுக்க வேண்டும். நோய் பிடித்ததை எடுக்க வேண்டும். கொஞ்சமாக, கிளை புறப்படும் அடித்தடிப்பைச் சேதப்படுத்தாமல், மரம் சுவர் எழுப்பிக்கொள்ள இடம் விட்டு. நல்ல கவாத்தும் கெட்ட கவாத்தும் கத்தியில் வேறுபடுவதில்லை. மூன்று கேள்வியில் வேறுபடுகின்றன. வெட்டுவதற்கு முன் வேரைப் பார்த்தாயா? வெட்டின பிறகு மரத்தோடு இருக்கப்போகிறாயா, காண்ட்ராக்ட் முடிந்து போய்விடப்போகிறாயா? மரம் விழுந்தால் யார் தலையில் விழும், உன் தலையிலா அடியில் குடியிருப்பவன் தலையிலா? இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல முடியாதவனுக்கு வெட்டும் உரிமை கிடையாது. அவன் அரசாங்கமாக இருந்தாலும் சரி, கம்பெனியாக இருந்தாலும் சரி, அப்பனாக இருந்தாலும் சரி.

அம்பேத்கர் 1949 நவம்பர் 25ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் பேசியபோது இதைத்தான் எச்சரித்தார். அரசியலில் ஒரு ஆளுக்கு ஒரு வாக்கு என்று சமமாகவும், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் சமமில்லாமலும் ஒரே நேரத்தில் வாழப்போகிறோம், இந்த முரண்பாட்டை நீக்காவிட்டால் பாதிக்கப்பட்டவர்கள் இந்த ஜனநாயகக் கட்டடத்தையே தகர்த்துவிடுவார்கள் என்றார். மேலே இலைகளை எண்ணிச் சமம் என்றால் போதாது, கீழேயும் பார் என்பதுதான் அதன் பொருள். 1936இல் சாதியை ஒழிப்பது பற்றி எழுதியபோதும் அவர் கிளையில் நிற்கவில்லை. கூடி உண்பதால் மட்டும் சாதி போகாது, சாத்திரங்களுக்கு இருக்கிற புனிதம்தான் வேர், அதில் கைவை என்றார். இரட்டைக் குவளையை ஒரு டீக்கடையில் எடுத்துவிட்டால் கம்பெனி கேண்டீனில் தனித்தனி மேசையாக அது துளிர்க்கிறது. கழுத்துக்குக் கீழே தோண்டாமல் விட்ட வேலிகாத்தான் அது.

ஆக இரண்டு வேலை இருக்கிறது, இரண்டும் மண்ணுக்குக் கீழே. சாதியின் சேமிப்பைத் தோண்டி எடுப்பது ஒன்று. நம் சேமிப்பை மண்ணில் சேர்ப்பது இன்னொன்று. ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் இரண்டும் கெடும்.

பரந்தூரில் விமான நிலையம் என்று 2022இல் அறிவித்தார்கள். ஏகனாபுரம் மக்கள் கிராமசபையில் தீர்மானம் மேல் தீர்மானம் போட்டார்கள். இந்தத் தொழிற்பாதை மேலும் மேற்கே நீளத்தான் போகிறது. எடுக்கப்போகிற ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் 1892க்குப் பிந்திய பழைய 'அ' பதிவேட்டைத் திறந்து, இதில் எது பஞ்சமி நிலம் என்று முதலில் வெளியே சொல்லட்டும். பட்டா இல்லாமல் அந்த மண்ணில் பிழைக்கிற ஒவ்வொரு குடும்பத்தையும், பெண் பெயரை முதலில் எழுதி, கணக்கெடுக்கட்டும். பஞ்சமி என்று தெரிந்ததை உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கட்டும். அதற்குப் பிறகு வளர்ச்சி பற்றிப் பேச உட்காரலாம். தேயிலைச் செடிக்குச் செய்கிற சோதனையை மனுஷனுக்கும் செய் என்று கேட்பது பெரிய கோரிக்கை அல்ல. அதைக்கூடச் செய்யாதவர்கள் கையில் கத்தி இருக்கக்கூடாது.